ஜெபமாலையில் அளந்த வேகம்

திண்டுக்கல்
9 நவம்பர் 2003

நான்சிக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். நீ நலம்தான் என்று சனிக்கிழமைதோறும் ஏஞ்சலின் அவள் அப்பாவிடம் போனில் சொல்கிறாள். உன் வீட்டுத் திரைச்சீலை மாறியது, நீ காப்பியில் சர்க்கரையை விட்டது, அவளும் விட்டது எல்லாம் எனக்கு வந்து சேர்கிறது. என் மகளைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் முதலில் உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். அவள் பிறந்தநாளன்று நான் ரிசீவரை வைத்த விதம் சரியில்லைதான். ஆனால் உன் வீட்டுப் போன் ஹாலில் இருக்கிறது. நாம் பேசும்போது அவள் பக்கத்தில் நிற்கிறாள். நீ எதற்கோ சிரிக்கிறாய், அவளும் சிரிக்கிறாள். எதற்கு என்று எனக்குத் தெரிவதில்லை. கடிதமாக இருந்தால் நீ தனியாகத்தான் படித்தாக வேண்டும்.

"சித்தி வீட்டுல தங்கிப் படிக்கப் போன புள்ளைக்கு, சித்தி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தா அது ஒரு குத்தமா?" என்று உன் மச்சான் ராயப்பராஜ் கேட்கிறார். லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாமே போய்ச் சேர்ந்தால் போதும், யார் அனுப்பினார்கள் என்பது முக்கியமில்லை. எனக்கு முக்கியம். அவளுக்குக் கம்ப்யூட்டர் நான் வாங்குவேன் என்று உன்னிடம்தான் முதலில் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டு, முந்திக்கொண்டாய்.

ஆயுதபூஜை விடுமுறைக்கு வந்தபோது அவள் பையைத் திறந்தேன். எல்லாம் துவைத்து, மடித்து, சுத்தமாக இருந்தன. எல்லாவற்றிலும் உன் சோப்புத்தூள் வாசனை. அவள் தூங்கிய பிறகு அத்தனையையும் எடுத்து மறுபடி துவைத்துப் போட்டேன். காலையில், "ஏம்மா, சுத்தமாத்தான இருந்துச்சு?" என்றாள். மழை வரும்போல் இருந்ததால் கொடியை நிரப்பி வைத்தேன் என்று ஏதோ உளறினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மீரான் என்பவர் பழைய கம்ப்யூட்டர் விற்கிறார். அவரிடம் ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சினன் அனுப்பியது. கணக்கு நோட்டு அளவுதான் இருக்கிறது, பட்டன்களில் இங்கிலீஷுக்குப் பக்கத்தில் ஜப்பான் எழுத்து. உள்ளே விசிறி கிடையாது. அதன் பிராசசர் அவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓடுவதாம்.

"டீச்சர், இது கரண்டே குடிக்காது. குண்டு பல்புக்குக்கூட இதவிட அதிகம் வேணும்," என்றார் மீரான்.

"வேகம்?"

"வேகம்னா... பாசஞ்சர் வண்டி மாதிரி. போய்ச் சேந்துரும்."

கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை வீட்டுக்கு வந்து இரு என்று ஏஞ்சலினைக் கேட்டேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் இருக்கிறது, அது சித்தி வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் ஓடும், இருபத்துநாலாம் தேதி வந்து இருபத்தாறாம் தேதி திரும்பிவிடுவேன் என்றாள். இரண்டு ராத்திரி. ஜூனில் வேலைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவாள். நீண்ட விடுமுறை என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் மிச்சம். அந்த ப்ராஜெக்டும் என்ன? நம் கிழக்குப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்கிற கணக்கு. எரியோட்டுக்கும் குஜிலியம்பாறைக்கும் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், கிணறு கிணறாகக் கேட்டு எழுதி அனுப்பியது நான்.

லேப்டாப்பைப் பற்றிச் சொன்னதும் ஒரு நிபந்தனை போட்டாள். ப்ராஜெக்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஃபிளாப்பியில் அனுப்பினாள். வேகம் பார்க்கிற சோதனை, பெஞ்ச்மார்க் என்கிறாள். உன் வீட்டுக் கம்ப்யூட்டர் அதைப் பத்து நிமிஷத்தில் முடிக்கிறதாம். இது அரை மணிக்குள் முடித்தால் போதும், மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

நேற்று ஓட்டினேன். திரையில் வந்த விடை, பதினாலு நிமிஷம்.

இதை அவளிடம் சொல். உன் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் உனக்கு எழுதுகிறேன்.

சகாயராணி

*

பெரம்பூர், சென்னை
15.11.2003

அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் ஏஞ்சலினின் சித்தப்பா ஆண்டனிராஜ், "என்ன, கோர்ட் நோட்டீஸா?" என்றார். படித்துவிட்டு, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

நீ துவைத்த கதையைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அதை விடு.

நீ சொல்லச் சொன்னதை என் வாயாலேயே சொன்னேன். "சித்தி, பதினாலு நிமிஷம்னு யார் சொன்னா? அந்த லேப்டாப்பா? அதுகிட்டயே கேட்டா அப்படித்தான் சொல்லும்!" என்று கட்டிலில் விழுந்து சிரித்தாள். கோபப்படாதே, உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அதில் விசிறி இல்லையல்லவா, சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவள் அனுப்பிய சோதனை அந்தப் பிராசசரின் துடிப்பை எண்ணித்தான் நேரத்தைச் சொல்கிறது. துடிப்பே மெதுவானால் நேரமும் குறைவாகத்தான் தெரியும். உன் வகுப்பில் தூங்கி விழுகிற பெண், "என்ன டீச்சர், பீரியட் அதுக்குள்ள முடிஞ்சிருச்சு?" என்று கேட்கிற மாதிரி.

அதனால் வெளியே இருக்கிற ஒரு கடிகாரத்தை வைத்துப் பார்க்கச் சொல்கிறாள். உங்கள் ஹாலில் இருக்கிறதே, அதுவே போதும்.

முந்திக்கொண்டாய் என்று எழுதியிருந்தாய். அவள் ராத்திரி கல்லூரி லேபில் இடம் கிடைக்காமல் திரும்பி வந்து சோற்றுத் தட்டின் முன்னால் அழுததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தவள் வாங்கினேன். பக்கத்தில் இருப்பதும் ஒரு குற்றமா?

எங்கள் வீட்டுக்கு இந்த வருஷம் பெரிய கிறிஸ்துமஸ் ஸ்டார் வாங்க வேண்டும் என்கிறாள். "நம்ம வீட்டு மொட்டை மாடில கட்டுனா ரயில்ல போறவங்களுக்கே தெரியும் சித்தி" என்கிறாள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

நான்சி

*

திண்டுக்கல்
20 நவம்பர் 2003

நான்சிக்கு,

"நம்ம வீட்டு மொட்டை மாடி." எனக்குப் படிக்கத் தெரியும், கோடு போட்டுக் காட்டாத குறையாக எழுதியிருக்கிறாய்.

ஹாலில் இருக்கும் கடிகாரத்தை வைத்துப் பார்க்கச் சொல்கிறாய். அது நாங்கள் குடிவந்தபோது சாமியார் இந்த வீட்டை மந்திரித்த அன்று நீ வாங்கிக் கொடுத்தது. உன் கம்ப்யூட்டரோடு போட்டி போடும் என் லேப்டாப்பை உன் கடிகாரத்தை வைத்து அளக்க மாட்டேன். சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்வாய். நாற்பத்து நாலு வயதில், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள், தலையைத் தூக்கி அந்த முள்ளைப் பார்க்க மனம் வராமல் நின்றேன். அதுதான் உண்மை.

நமக்குக் கடிகாரம் எதற்கு? அம்மா வீட்டில் எது கடிகாரத்தைப் பார்த்து வெந்தது? இட்லிக்கு நாற்பது 'அருள் நிறைந்த மரியே' ஜெபம், முட்டைக்கு அதில் பாதி, உலை கொதித்த பிறகு சோறு வடிக்க ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை ஒன்று முழுசாக. வியாகுலம்மாள் வீட்டுச் சோறு ஒரு நாள் குழைந்ததில்லை என்று தெருவே அம்மாவைப் பற்றிச் சொல்லும். ஒரு ஜெபமாலை சொல்ல எனக்கு இருபது நிமிஷம். இன்றைக்கும் நான் முட்டை வேகவைப்பது அப்படித்தான். நீயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், அங்கே உனக்கு வேறு ஏதாவது வசதி வந்திருந்தால் தெரியாது.

திங்கள்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, விளக்கேற்றி, லேப்டாப்பை மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். பட்டனைத் தட்டிய அதே நேரத்தில் ஜெபமாலையின் முதல் மணியைப் பிடித்தேன். முடிந்ததும் அது ஒரு சத்தம் கொடுக்கும். சத்தமே இல்லாமல் ஓடுகிறது அந்த மெஷின். மேலே கைவைத்துப் பார்த்தேன், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றி இருப்பது போல் இருந்தது. நீ எழுதிய மொட்டை மாடி மனதில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஜெபமாலை முடிந்தது. மெஷின் முடிக்கவில்லை. இரண்டாவதைத் தொடங்கினேன். நடுவில் அவர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "யாரு தொரத்துறா ஒன்னைய? மாதா மூச்சு விட வேணாமா?" என்றார். கையைக் காட்டி அவரை உள்ளே போகச் சொன்னேன். இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் இரண்டாம் பத்து முடிகிற நேரத்தில் சத்தம் கேட்டது.

ஒரு ஜெபமாலைக்கு ஐந்து பத்து, பத்துக்கு நாலு நிமிஷம் என்று கணக்குப் போட்டால் நாற்பத்தெட்டு நிமிஷம்.

ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். மறுநாளும் பார்த்தேன். மூன்றாவதில் மூன்றாம் பத்துவரை போய்விட்டது. அதற்கும் மறுநாள் இன்னும் நாலைந்து ஜெபமணி கூடுதல். பார்க்கப் பார்க்க மோசமாகிறது.

சரி, தோற்றுவிட்டது. ஏஞ்சலினிடம் நீயே சொல்லிவிடு. ஜெபமாலைக் கணக்கெல்லாம் சொல்லாதே, இன்னொரு முறை கட்டிலில் விழுந்து சிரிக்க வேண்டாம். அம்மாவின் மெஷின் அரை மணியில் முடிக்கவில்லை என்று மட்டும் சொல். ஸ்டாரை உயரமாகக் கட்டுங்கள்.

சகாயராணி

*

பெரம்பூர்
25.11.2003

அக்கா,

கடிதம் கிடைத்தது. ஏஞ்சலினிடம் சொல்கிறேன். இன்றைக்கு அவளுக்கு மாடல் பரீட்சை, முடியட்டும்.

இந்த முறை கேக் நாங்களே செய்யலாம் என்று இருக்கிறோம். ஆபீஸில் ஒரு அம்மா பக்குவம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்டார் வாங்கியாகிவிட்டது, ஆண்டனிராஜ் ஒயர் இழுக்க ஆள் பார்க்கிறார். இருபத்துநாலு, இருபத்தைந்து அவள் உன்னோடு இருப்பாள். இருபத்தாறு இங்கே வந்துவிடுவாள். இரண்டு வீட்டுக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

அம்மா சொல்வாளே, அது மாதிரி நிறுத்தி நிறுத்தித்தானே ஜெபமாலை சொன்னாய்? சும்மா கேட்டேன்.

இங்கே மழை. துணி எதுவும் காயவில்லை.

நான்சி

*

திண்டுக்கல்
30 நவம்பர் 2003

நான்சிக்கு,

நிறுத்தி நிறுத்திச் சொன்னேனா என்று கேட்கிறாய். ஜெபம் சொல்லவும் இனி உன்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா? அம்மா சாகும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவள் நான். நீ அப்போது சென்னையில் எம்.காம் படித்துக்கொண்டிருந்தாய்.

லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி மீரானிடம் சொன்னேன். "டீச்சர், அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். அடுத்த வாரக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அலமாரியில் இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை. அதன் மேல் கோபமில்லை. உன் வீட்டில் இருப்பது பத்து நிமிஷத்தில் முடிக்கிறதே, அதன் மேல்தான்.

ஒரு காரியம் மட்டும் செய். ஏஞ்சலினின் சுடிதார் அளவை எழுதி அனுப்பு. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுத்து டெய்லரிடம் கொண்டுபோனேன், அளவு கேட்டார். என்னிடம் இருப்பது அவள் பிளஸ் டூ படித்தபோது எடுத்தது. அந்த மனுஷர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு காத்திருந்தார். என் மகளின் தோள் அகலம் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

சகாயராணி

*

பெரம்பூர்
4.12.2003

அக்கா,

அளவு எழுதவில்லை. எழுத மாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஏஞ்சலினிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. மாடல் பரீட்சை முடிந்து பல நாள் ஆகிறது. "அம்மா டெஸ்ட் பண்ணிட்டாங்களா?" என்று கேட்கிறாள். நானும் தபால் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

மூன்று ஜெபமாலை என்று நீ எழுதியதைப் படித்த அன்று, சமையல் செய்துகொண்டே அவளிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அந்தப் பிராசசர் சூடாகிக் குறைந்தால் எதுவரைக்கும் குறையும் என்று. "பாதி வேகம் வரைக்கும்தான் சித்தி. அதுக்குக் கீழ போகாது" என்றாள். நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். கணக்கு டீச்சர் நீதான், ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கே வந்தது. அது பதினாலு என்று சொன்னால், எவ்வளவு மெதுவாகத் துடித்திருந்தாலும் உண்மையில் இருபத்தெட்டு, மிஞ்சினால் அதற்குக் கொஞ்சம் மேலே. நாற்பத்தெட்டு ஆகவே முடியாது. மெஷின் சரி. தப்பு ஜெபமாலையில்.

நினைவிருக்கிறதா அக்கா? நீ பி.எஸ்சி. முடித்த வருஷம். மேலே படிக்க வேண்டாம், மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று அப்பா சொன்ன அன்று சாயங்காலம் நீதான் ஜெபமாலை முன்சொன்னாய். நான் பின்சொல்ல முடியாமல் பாதிப் பாதி வார்த்தையாக விழுங்கினேன். ஜெபம் முடிந்ததும் அம்மா வழக்கம்போல எழுந்து போய்ச் சோற்றை வடித்தாள். சாப்பிட உட்கார்ந்தால் சோறு வேகாத நறுக்கரிசி. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா உன்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிற நாளில் எல்லாம், "இன்னைக்கு ஒலை என் பொறுப்பு, சகாயம் முன்சொன்னா அரிசியத்தான் திங்கணும்" என்பாள். நீ கோபத்தில் சொன்னால் இருபது நிமிஷ ஜெபமாலை பன்னிரண்டு நிமிஷத்தில் முடியும். மச்சான்கூடக் கேட்டிருக்கிறாரே, யார் துரத்துகிறார்கள் என்று. நீயே எழுதியிருக்கிறாய், உனக்கே தெரியவில்லை. நாளுக்கு நாள் மெஷின் மோசமாகவில்லை அக்கா. நாளுக்கு நாள் என் மேல் உனக்குக் கோபம் ஏறியிருக்கிறது.

இது எல்லாம் போன மாதமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேக், ஸ்டார் என்று உனக்கு எழுதினேன். நான் செய்ய வேண்டியது எதுவுமில்லை, பேசாமல் இருந்தால் போதும், பிள்ளை இங்கே இருப்பாள். நீ மட்டும்தான் பொறாமைப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு வளையல் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னிடம், "உங்க பொண்ணாம்மா? சாயல் அப்படியே இருக்கு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமலே கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று இருந்தேன். நான் மூச்சு விடுவதற்குள் இவள், "சித்தி" என்றாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எவ்வளவு வேகம்! ஒரு நொடியாவது தாமதித்திருக்கலாம். என்ன கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாலும் எனக்கு அந்த ஒரு நொடி கிடைக்காது.

உன் கடிதத்தில் சுடிதார் அளவு கேட்டிருந்ததைப் படித்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மீரானிடம் லேப்டாப்பைக் கொடுத்துவிடாதே. என் கடிகாரமோ, வேறு யாருடைய கடிகாரமோ, ஒன்றை வைத்துப் பார். நீ பக்கத்தில் உட்காராதே. ஜெபம் சொல்லாதே. விடை என்னவானாலும் அவளுக்கு நீயே போன் செய்து சொல். நான் ஹாலில் இருக்க மாட்டேன்.

அளவு எழுத மாட்டேன் என்றேனே. அவள் வந்ததும் டேப்பை வைத்து நீயே எடு.

நான்சி

*

திண்டுக்கல்
9 டிசம்பர் 2003

நான்சி,

கடிதத்தைப் படித்ததும் வந்தது நன்றி இல்லை. என் கோபத்துக்கு எவ்வளவு வேகம் என்பதுகூட உனக்குத்தான் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்கிற எரிச்சல்தான் வந்தது. நறுக்கரிசிச் சோற்றை நான் மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு அம்மா என்னைப் பார்த்தது மட்டும் நினைவிருந்தது, எதற்காகப் பார்த்தாள் என்பது இல்லை.

லேப்டாப்பை எடுத்துப் போக மீரான் வந்த நேரமும் உன் கடிதம் வந்த நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, உன் கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். பின்னால் உன் கையெழுத்து, 'அக்காவுக்கு' என்று. இத்தனை வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"மீரான், இது முடிக்கிற வரைக்கும் இந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?" என்றேன்.

"நீங்க டீச்சர்?"

"நான் பக்கத்தில் இருக்கக் கூடாது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரிதான். மெஷினும் பரீட்ச எழுதுற புள்ளையாட்டம், நீங்க நின்னா அதுக்கு ஒதறும். போங்க, நான் சூப்பர்வைசரா இருக்கேன்."

பின்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றேன். கை தானாக ஜெபமாலையைத் தேடியது. அதை உள்ளே வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், இன்னும் ஊற்றினேன். இதுவரை உன் மேல் எத்தனை பொறாமை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எம்.காம். சென்னை. அம்மா கடைசி நாளில் என்னைப் பார்த்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. இப்போது ஏஞ்சலின். ஜெபமாலை இல்லாததால் ஒவ்வொன்றிலும் செத்த நேரம் நிற்க முடிந்தது. வளையல் கடையிலும் நின்றேன். நீ மூச்சு விடாமல் காத்திருந்ததை என்னால் பார்க்க முடிந்தது. அவள் 'சித்தி' என்று சொன்னதில் எனக்கு எவ்வளவு ஆனந்தம் என்று எழுதினால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். ஆனந்தம்தான். அதோடு அந்த ஒரு நொடியை உனக்குக் கொடுத்திருக்கலாம் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை.

உள்ளேயிருந்து மீரான் கத்தினார். "டீச்சர்! பாசஞ்சர் வந்துருச்சு!"

இருபத்தொன்பது நிமிஷம். கொஞ்சம் குறைவாகக்கூட இருக்கலாம், அவர் உன் கடிகாரத்தின் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார்.

அன்று ராத்திரியே போன் செய்தேன். மணி அடித்ததும் அவள்தான் எடுத்தாள். நீ ஹாலில் இல்லை. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாய் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அன்று நீ இருந்திருக்கலாம். "எப்படிம்மா டைம் பாத்தீங்க?" என்றாள். சித்தியின் கடிகாரத்தில் என்றேன்.

இருபத்து மூன்றாம் தேதி ரயிலில் ஏற்றிவிடு.

சகாயம்

*

திண்டுக்கல்
29 டிசம்பர் 2003

நான்சி,

பிள்ளை வந்து சேர்ந்தது போனில் உனக்குத் தெரியும். போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

லேப்டாப் நாள் முழுக்க ஓடுகிறது. சத்தமில்லாமல் கிணறு கிணறாகக் கணக்குப் போடுகிறது. அது ஓடுகிற அரை மணியில் அவளுக்கு வேறு வேலை இல்லாததால் என்னோடு சமையலறையில் நிற்கிறாள். அங்கே பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பதால் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டாளாமே. இந்த ஒரு விஷயத்தில் என் மெஷின் உன்னுடையதை வென்றுவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

தோள் அளவு எடுத்தேன். பழைய அளவைவிட ஒன்றரை அங்குலம் கூடியிருக்கிறது. டேப்பைப் பிடித்தபோது, "அம்மா, கூசுது" என்று நெளிந்தாள். உன்னிடம் நெளிவாளா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அவள் துணிப்பையில் இந்த முறையும் உன் சோப்புத்தூள் வாசனைதான். வாளியில் தண்ணீர்கூடப் பிடித்தேன். அப்புறம் அந்தத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டேன்.

நேற்றுக் காலை நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அவள் இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு, மூடியின் மேல் கைவைத்தபடி முணுமுணுத்தாள். என்ன என்று திரும்பிப் பார்த்தால், ஜெபம். இட்லிக்கு நாற்பது. நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. "சித்தி இப்படித்தான் வைப்பாங்க" என்றாள். அதுவும் எப்படிச் சொல்கிறாள் தெரியுமா? 'இப்பொழுதும்' என்ற இடத்தில் நிறுத்துகிறாள், ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, பிறகு 'எங்கள் மரண நேரத்திலும்'. நீ ஆறு வயதில் அப்படித்தான் சொல்வாய், மூச்சுப் பத்தாமல். அம்மா திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

என் சமையலறையில், என் மகள் வாயில், நீ. எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பொய் சொல்லவில்லை. அம்மியைவிட்டு எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவள் இருபதைத் தாண்டிவிட்டாள். என்னை அறியாமலே நான் பின்சொல்லத் தொடங்கியிருந்தேன். அவள் வேகத்தில், உன் நிறுத்தத்தில். எனக்கு அது மிக மெதுவாக இருந்தது. நடுவில் ஒருமுறை நான் முந்திப் போய் வார்த்தை தடுமாறினேன், அவள் சிரித்துக்கொண்டே எனக்காக நின்றாள்.

இட்லி நன்றாக வெந்திருந்தது.

பொங்கலுக்கு நீயும் ஆண்டனிராஜும் வாருங்கள். அவள் திரும்பும்போது உங்களோடே கூட்டிப் போகலாம். உன்னைச் சென்னையில் வைத்துக்கொண்டு பொறாமைப்படுவதற்குத் தபால் செலவு அதிகமாகிறது. உன் கடிகாரத்தை இப்போது சமையலறையில் மாட்டியிருக்கிறேன், யாரும் பார்ப்பதில்லை. நீ வந்தால் அடுப்படியில் யார் முன்சொல்வது என்று நமக்குள் கட்டாயம் தகராறு வரும்.

சோற்று உலையை மட்டும் உன்னிடம் விட்டுவிடுகிறேன்.

அக்கா